கடைந்தெடுத்த தவறுகள்

கிண்ணத்தைக் கழற்றி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். அடியில் பழைய எட்டணாக் காசு அளவுக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்தின் வழியாக எங்கள் கார் ஷெட்டின் கூரை தெரிந்தது.

தூங்குமூஞ்சி வாகை. குறுக்கே 9 அங்குலம். ஏழு மாதம் காயவைத்த கட்டை. வெளிப்பக்கம் முடித்து, உள்ளே குடைந்து, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்தாயிற்று. கட்டையைச் சுழற்றும் லேத்தின் பிடியான 'சக்' பற்றிக்கொள்வதற்காக அடியில் ஒரு குமிழ் விட்டிருப்போம். கடைசியில் கிண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டு அந்தக் குமிழைச் சீவி எடுத்துவிட வேண்டும். அந்த ஒரு வேலைதான் பாக்கி. சீவச் சீவ மரத்தின் சத்தம் மாறியது. கனத்த சத்தம் போய், தோல் இழுத்துக் கட்டிய பறையைச் சுண்டியது போல ஒரு அதிர்வு. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் ஒரே ஒரு இழை என்று உளியை வைத்தேன். உளி ஒன்றுமில்லாத இடத்துக்குள் போனது.

தப்பு கையில் இல்லை, கணக்கில். உள்ளே எவ்வளவு ஆழம் குடையலாம் என்று பார்த்தபோது, பின்னால் சீவப்போகிற குமிழின் 8 மில்லிமீட்டரையும் அடிக்கனத்தில் சேர்த்துவிட்டேன். நூற்பாலையில் பதினெட்டு வருடமாக மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். வெர்னியரைக் கையில் பிடித்துக்கொண்டே பிறந்தவன் என்று வீட்டில் கேலி உண்டு. மனைவி எட்டிப் பார்த்தாள். "புனல் நல்லா வந்திருக்குதுங்க. எண்ணெய் ஊத்த வச்சுக்கலாம்" என்றாள்.

'கடைந்தெடுத்த முட்டாள்' என்று திட்டுகிறோமே, அந்தச் சொல் எந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். கடைசலில் போட்டு எடுத்ததுபோல், எந்தப் பக்கம் திருப்பினாலும் பிசிறில்லாத முட்டாள். தயிர் கடைவது, கீரை கடைவது, மரம் கடைவது எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே வினைச்சொல்தான். மோட்டார் வருவதற்கு முன் ஒருவர் கயிற்றை மாற்றி மாற்றி இழுப்பார். கட்டை இப்படியும் அப்படியும் சுழலும். இன்னொருவர் உளி பிடிப்பார். தூணில் மத்தைக் கட்டிக் கயிற்றால் தயிர் கடைவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டாம். கட்டை உளியை நோக்கிச் சுழலும் பாதி நேரம்தான் வெட்டு விழும். மறுபாதியில் உளி சும்மா இருக்கும்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே கயிற்றின் ஒரு முனை காலால் மிதிக்கும் கட்டையில், மறுமுனை மேலே வளைந்து கொடுக்கும் ஒரு கழியில். பெர்க்‌ஷயரில் பக்கிள்பரி என்ற ஊரில் ஜார்ஜ் லெய்லி என்பவர் அப்படிப்பட்ட கடைசலில் எல்ம் மரக் கிண்ணங்கள் செய்துகொண்டிருந்தார். ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கிண்ணங்களைப் பிரித்தெடுக்கிற வித்தைக்காரர். 1958இல் இறந்துபோனார். அவருடைய கடைசல் இப்போது ரெடிங்கில் உள்ள ஆங்கிலக் கிராம வாழ்க்கை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மாதிரிக் கடைசலில் தப்பு செய்வதற்கும் நேரம் பிடிக்கும். என்னிடம் இருப்பது 1 குதிரைத்திறன் மோட்டார். 9 அங்குலக் கிண்ணத்தை நிமிடத்துக்கு 900 சுற்று விட்டால், ஒரு வினாடியில் 15 முறை என் முட்டாள்தனம் வட்டமடித்துவிடும்.

மறுநாள் ஞாயிறு. கிண்ணத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கோவை உக்கடம் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் கடைசல்காரப் பெரியவரிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர். கட்டில் கால், தொட்டில் கட்டை, மத்து, பூரிக்கட்டை, பம்பரம் என்று ஐம்பது வருடம் கடைந்த கை. இப்போது எப்போதாவது ஒரு பழைய ஊஞ்சலுக்கோ கோயில் வாகனத்துக்கோ உருப்படி கேட்டு யாராவது வந்தால் உண்டு. என் லேத்தே அவர் சொல்லி, மூடப்போன ஒரு கட்டில் பட்டறையிலிருந்து வாங்கியதுதான். நான் கிண்ணம் கடைகிறேன் என்பதில் அவருக்கு இன்றுவரை சம்மதம் கிடையாது. "எவர்சில்வர்ல கெடைக்கறத எதுக்குங்க தம்பி மரத்துல பண்றீங்க?" என்பார். ஆனால் கையில் வாங்கிவிட்டால் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவாமல் திருப்பித் தரமாட்டார்.

ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். "உழுந்ததும் என்ன பண்ணுனீங்க?"

"ஓரம் பிசிறா இருந்துச்சுங்க ஐயா. மறுபடி கொஞ்சம் சீவி சமம் பண்ணப் பாத்தேன்."

"ஓட்ட உழுந்தது தப்பில்லீங்க தம்பி. உழுந்ததுக்கப்பறம் சீவுனீங்க பாருங்க, அதுதான் தப்பு. சுச்ச அமத்திப்போட்டுப் போயி ஒரு டீ குடிச்சுட்டு வரோணும். கை பதறிக்கிட்டு இருக்கறப்ப உளியத் தொடப்படாது."

ஆலையில் இதையே ஆங்கிலத்தில் அச்சடித்து ஒவ்வொரு இயந்திரத்தின் மேலும் ஒட்டிவைத்திருக்கிறோம். ஒருநாளும் எனக்கு உறைத்ததில்லை.

அவர் சொன்ன வைத்தியம் சுலபமானது. ஓட்டையைச் சுத்தமான வட்டமாகப் பெரிதாக்கி, வேறு நிற மரத்தில் ஒரு வில்லை கடைந்து அதில் இறுக்கி ஒட்டுவது. வாகைக்கு வாகையையே வைக்கலாமே என்றேன். கூடாதாம். "அதே மரத்த வச்சு மறைக்கப் பாத்தீங்கன்னா ஓட்டையாட்டந்தான் தெரியும். கருப்பா ஒண்ண வச்சீங்கன்னா பூவாட்டம் தெரியும்."

"நீங்க மறைச்சதே இல்லீங்களா ஐயா?"

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த பழைய கட்டில் காலை எடுத்துவந்தார். சிவப்பும் பச்சையுமாக அரக்குப் பட்டைகள். மேலே இரண்டு பட்டைகள் சீரான இடைவெளியில். கீழே ஓரிடத்தில் மட்டும் மூன்று பட்டைகள் நெருக்கமாக. நெருக்கமாக இருந்த இடத்தில் நகத்தை வைத்து அழுத்தினார். "இங்க உளி கடிச்சிருச்சு. முப்பது வருசமாச்சு." சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். கர்நாடகத்தில் இருக்கும் சென்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் அதன்மேல் தாழை ஓலையைப் பிடித்து மெருகேற்றுவார்கள். சின்னப் பள்ளம் ஏதாவது இருந்தால் அரக்கு நிரப்பிவிடும். அதற்குப் பிறகு எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் கட்டில் காலில் எங்கே பட்டை கூடுதலாக இருக்கிறது என்றுதான் என் கண் போகிறது.

ஆனால் அவர் தொழிலும் நான் செய்வதும் ஒன்றல்ல, இதைச் சொல்லியாக வேண்டும். கட்டில் காலில் மரத்தின் நார் நீளவாக்கில் ஓடும், கட்டையும் அதே வாக்கில் சுழலும். உளி எப்போதும் நாரின் பக்கவாட்டைத்தான் சீவும். கிண்ணத்துக்குக் கட்டையைக் குறுக்காகப் போடுகிறோம். ஒரு சுற்றில் இரண்டு முறை நாரின் பக்கம், இரண்டு முறை நாரின் வெட்டுமுனை. கரும்பைப் பக்கவாட்டில் சீவுவதும் முனையில் சீவுவதும் எப்படி வேறோ அப்படி. அதனால்தான் வெளிப்பக்கத்தை அடியிலிருந்து விளிம்புக்கும், உட்பக்கத்தை விளிம்பிலிருந்து அடிக்கும் சீவ வேண்டும். அந்தத் திசையில் போனால் வெட்டுப்படும் ஒவ்வொரு நாருக்கும் பின்னால் தாங்கிக்கொள்ள இன்னொரு நார் இருக்கும். மாற்றிப் போனால் நார் பிய்ந்துகொண்டு வரும். உப்புத்தாள் போட்டு ஒருமணி நேரம் தேய்த்தாலும் அந்தப் பிய்ச்சல் போகாது, இரண்டு திட்டுகளாக எதிரெதிரே நின்று முறைக்கும்.

உளி கடிப்பது அதைவிட மோசம். குழி உளியின் சாய்வு முகம் மரத்தில் உராய்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதுதான் கைக்குத் தாங்கல். சாய்வு விலகி வெறும் கூர்முனை மட்டும் மரத்தில் பட்டால், மரம் உளியை உள்ளே இழுத்துக்கொள்ளும். 'டொக்' என்று ஒரு சத்தம். முழங்கை வரை அதிர்ச்சி. கிண்ணத்தில் சுருள் சுருளாக ஒரு பள்ளம், அல்லது விளிம்பில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். என் முதல் இருபது கிண்ணங்களில் கடிபடாதது ஒன்றுகூட இல்லை.

விளிம்பில் கடிபட்டால் பிழைக்க வழி உண்டு: விளிம்பை அந்தப் பள்ளத்துக்குக் கீழே இறக்கிவிடலாம். கிண்ணமாக ஆரம்பித்தது தட்டாக முடியும். எங்கள் வீட்டில் வெற்றிலைத் தட்டு நாலு இருப்பதற்கு அதுதான் காரணம், வீட்டில் வெற்றிலை போடுகிறவர் யாரும் இல்லை. நடுச்சுவரில் கடிபட்டால் சுவரை மெல்லிசாக்கிப் பள்ளத்தைத் தாண்டிப் போகலாம், ஆனால் பள்ளத்தைத் துரத்தித் துரத்திச் சுவரே காகிதமாகிவிடும் அபாயம் உண்டு. அடிக் குமிழ் ஒடிந்து சக்கிலிருந்து கழன்றுவிட்டால், ஒரு வேண்டாத கட்டையை அடியில் ஒட்டி அதைக் குமிழாகக் கடைந்துகொள்ளலாம். நடுவில் ஒரு காகிதத்தை வைத்து ஒட்டினால் வேலை முடிந்தபின் உளியைச் செருகித் தட்ட, காகிதம் இரண்டாகப் பிரிந்து கட்டை கழன்று வரும். வடிவம் என்னவாக வேண்டும் என்று மனதில் வரைந்து வைத்திருந்ததை விட்டுக்கொடுக்கத்தான் நேரம் பிடிக்கிறது. மரம் இன்னும் அரைக்கிண்ணம் மிச்சம் வைத்திருக்கும், மனம் முழுக்கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்போது ஆணிக் கதை. சாலையை அகலப்படுத்த வெட்டிய தூங்குமூஞ்சி மரம். விறகுக்கடையில் எடை போட்டு வாங்கினேன். சாலையோர மரத்தில் என்ன இருக்கும் என்று தமிழ்நாட்டில் வாழ்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டியூஷன், வாடகைக்கு வீடு, மூலம் பௌத்திரம். தகரப் பலகை துருப்பிடித்து விழுந்துவிடும், ஆணியை மரம் விழுங்கிக்கொள்ளும். மேலே பட்டை வளர்ந்து மூடிவிடும். பத்து வருடம் கழித்து என் உளி அதைக் கண்டுபிடித்தது. ஒரு தீப்பொறி. உளியின் முனையில் ஒரு சிறு பிறை அளவுக்கு இரும்பைக் காணோம். கிண்ணத்தை நிறுத்திப் பார்த்தால் இரண்டு ஆணிகள், இரண்டையும் சுற்றி மை கொட்டியதுபோல் நீலக்கருப்புத் தீற்றல், நாரின் வழியே நாலு அங்குலத்துக்கு.

அந்தக் கருப்பு துரு அல்ல. மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்து, டானின், இரும்போடு சேர்ந்தால் கருப்பாகும். ஒருகாலத்தில் எழுதும் மையே இப்படித்தான் செய்தார்கள். ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவினால் இரும்புக் கறை வெளுக்கும். தடவினேன். மேலே வெளுத்தது. மறுபடி ஒரு இழை சீவினால் கீழே அதே கருப்பு. கறை சுவரின் முழுக் கனத்துக்கும் ஊறியிருந்தது. நாலு நாள் அதை எடுக்கப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் தோன்றியது: இதை எடுக்க முடியாது, ஆனால் பரப்ப முடியும்.

கலம்காரித் துணியில் அந்த அழுத்தமான கருப்பு எப்படி வருகிறது என்று பலருக்குத் தெரிந்திருக்கும். துணியை முதலில் கடுக்காய்ப் பாலில் முக்கிக் காயவைப்பார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டுப் பல நாள் புளிக்கவைத்த நீரால் கோடு இழுப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் துணியிலேயே சந்தித்துக் கருப்பாகும். என் கிண்ணத்தில் இரண்டு ஆணி தானாகச் செய்ததும் அதேதான். நாட்டு மருந்துக்கடையில் கடுக்காய் வாங்கினேன். 'கடுக்காய்க்கு அகநஞ்சு' என்று கடைக்காரர் விதையை எடுக்கச் சொன்னார். குடிப்பதற்கில்லை, கிண்ணத்துக்குப் பூச என்றதும் மேலும் கீழும் பார்த்தார். இரும்புக்கு, அதே மரத்திலிருந்து பிடுங்கிய இரண்டு ஆணிகளையும், ஆலையில் கழித்துப்போட்ட துருப்பிடித்த வாஷர்கள் ஒரு பிடியும். மண்கலயத்தில் வெல்லத் தண்ணீரோடு மூன்று வாரம். கலயத்தை மாடிப்படிக்கு அடியில் வைத்ததில் வீட்டுக்குள் ஒரு வாடை. அதைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

கடுக்காய்க் கஷாயத்தைப் பூசிக் காயவைத்தபோது கிண்ணம் வெளிர்மஞ்சளாக இருந்தது. இரும்பு நீரைத் துணியில் தொட்டு ஒரு இழுப்பு. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சாம்பல். பிறகு என் கண் முன்னால், மழைமேகம் ஏறுவது போல நீலம் கலந்த கருப்பு. இரண்டாம் பூச்சில் ஆணித் தீற்றல் எது, நான் பூசியது எது என்று எனக்கே தெரியவில்லை. தண்ணீர் பட்டால் நார் சிலிர்த்துக்கொள்ளும் என்பதால் மறுபடி லேசாக உப்புத்தாள். அவசரப்பட்டு விளிம்பில் அதிகமாகத் தேய்த்ததில் அங்கே பழுப்பு எட்டிப் பார்த்தது. இன்னொரு பூச்சு. கடைசியில் ஆளிவிதை எண்ணெய். ஒரு எச்சரிக்கை: தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ மரத்தில் காய்ந்து இறுகாது, ஆளிவிதை எண்ணெய்தான் இறுகும். இறுகும்போது சூடாகும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப் போடுங்கள்.

ஆணி இருந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்கவில்லை. அந்தக் கிண்ணத்தில் சாப்பிடுவதற்கு எதுவும் வைப்பதில்லை. வண்டிச் சாவி போட்டுவைக்கிறோம்.

அடுத்தது விரிசல், இதில் தப்பு என்னுடையதா மரத்தினுடையதா என்று எப்போதும் வழக்கு உண்டு. பச்சை மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்கவே சுருங்காது. மரத்தின் வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் பச்சையில் வட்டமாகக் கடைந்தது காய்ந்தபின் முட்டைவட்டமாகும். கட்டையின் நட்டநடு மையத்தைக் கிண்ணத்துக்குள் விட்டால் அநேகமாக வெடிக்கும். எங்களைப் போன்றவர்கள் இரண்டு தடவை கடைவோம்: பச்சையில் தடியாக, 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலச் சுவர் விட்டு ஒருமுறை. செய்தித்தாளில் சுற்றி நிழலில் போட்டு, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, எடை குறைவது நின்றபிறகு மறுமுறை. இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த மரம், ஊரே திட்டும் சீமைக்கருவேலம்தான். திசைக்குத் திசை அதிக வித்தியாசமில்லாமல், கொஞ்சமாகச் சுருங்கும். கரிமூட்டத்துக்குப் போகிற கட்டை. இதன் பங்காளியான மெஸ்கீட் மரத்தை டெக்சாஸில் கடைசல்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். தண்ணீரை உறிஞ்சுவது பற்றிய வாதத்துக்கு நான் வரவில்லை, வெட்டியதை எரிக்கும்முன் ஒரு துண்டு எனக்குக் கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பொடி விரிசலுக்கு எல்லோரும் செய்வதையே நானும் செய்கிறேன். பில்டர் காபிச் சக்கையை வெயிலில் காயவைத்து விரிசலில் திணித்து, மேலே உடனடிப் பசை சொட்டு விடுவது. கருப்புக் கோடாக நிற்கும், மரத்தின் இயற்கையான கோடு என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். விரிசலில் நீல நிற எபாக்ஸியை ஊற்றி ஆறு ஓடுகிற மாதிரி செய்வது இப்போது பெரிய நாகரிகம். எனக்குப் பிடிக்கவில்லை. மரத்தைவிட பிளாஸ்டிக் அதிகமாகப் பேசுகிறது. உடைந்த பாத்திரத்தைத் தங்கப்பொடி தெரிய ஒட்டுகிற ஜப்பானிய முறையைப் பற்றியும் கேட்பார்கள். அது பீங்கானுக்கு உரியது.

எனக்கு மரக்கிண்ணத்தின் ஒட்டு என்றால் ஹவாய்தான். அந்தத் தீவுக்காரர்கள் லேத் இல்லாமல், இரும்பும் இல்லாமல், கல் வாச்சியால் செதுக்கியே பெரிய பெரிய உணவுக் கிண்ணங்கள் செய்தார்கள். அதற்கு எடுத்துக்கொண்ட மரங்களில் ஒன்று மிலோ, ஒன்று கமானி. மிலோ என்பது நம் பூவரசு. சின்னவயதில் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதினோமே, அதே மரம். கமானி நம் கடற்கரைப் புன்னை. அந்தக் கிண்ணங்கள் வெடித்தால் தூக்கிப் போடவில்லை. விரிசலின் குறுக்கே சின்ன மரத்துண்டுகளைப் பதித்தார்கள். இரண்டு பக்கமும் அகன்று நடுவில் ஒடுங்கிய துண்டு. அதற்குப் பெயர் பேவா, மீன்வால் என்று பொருள். ஒட்டுகள் நன்றாகவே தெரியும். ஒட்டுப்போட்ட கிண்ணத்துக்குத்தான் மதிப்பும் கூடுதலாக இருந்தது.

அதே வடிவத்தை இருபதாம் நூற்றாண்டு மரவேலையில் பிரபலமாக்கியவர் ஜார்ஜ் நகஷிமா. அவருடைய மேசைப் பலகைகளில் விரிசலை மறைக்காமல் குறுக்கே பதித்திருப்பார். 1930களின் கடைசியில் அவர் இருந்தது நம் புதுச்சேரியில். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்டுவதற்கு, ஆன்டனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்திலிருந்து வந்தவர், அவரும் கட்டடக் கலைஞர்தான். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார். பிறகு அமெரிக்கா திரும்பி, போர்க்காலத்தில் மேற்குக் கரையோர ஜப்பானிய வம்சாவளியினரைப் போல முகாமில் அடைக்கப்பட்டார். இடாஹோவில் மினிடோகா முகாம். அங்கேதான் ஜென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் ஜப்பானிய மரவேலையைக் கற்றார். கிடைத்த மிச்சம் மீதிக் கட்டைகளில் செய்து பழகினார்கள்.

மேல்நாட்டில் அந்தத் துண்டைப் பட்டாம்பூச்சி என்கிறார்கள், ஹவாயில் மீன்வால். எங்கள் பெரியவரிடம் வரைந்து காட்டியபோது, "உடுக்கைங்களா?" என்றார். எனக்கும் அது உடுக்கையாகவே ஆகிவிட்டது.

பூவரசுக் கிண்ணம் ஒன்று விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் வெடித்தது. உடுக்கை வெட்டிப் பதித்தேன். முதல் உடுக்கை தளர்வு. இரண்டாவதை இறுக்கமாக வெட்டிச் சுத்தியலால் தட்ட, இடுப்பில் ஒடிந்தது. நார் அதன் குறுக்கே ஓடுமாறு வெட்டியிருந்தேன், அப்படியிருந்தால் இடுப்பில் பலமே இருக்காது. விரிசலைத் தாண்டி, உடுக்கையின் நீளத்தோடு நார் ஓட வேண்டும். மூன்றாவது உட்கார்ந்தது. சுவர் வளைவாக இருப்பதால் உடுக்கையின் இரண்டு முனையும் தூக்கிக்கொண்டு நின்றன. அரத்தாலும் உப்புத்தாளாலும் கையாலேயே ராவிச் சமமாக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. லேத்தில் மாட்டிச் சுற்றியிருந்தால் இரண்டு நிமிடம். மாட்டவில்லை, அதற்குக் காரணம் உண்டு.

அதற்கு முந்தைய வருடம் ஒரு மாமரக் கிண்ணம் கடிபட்டு இரண்டாகப் பிளந்தது. அழகான கட்டை, பூஞ்சை ஏறி உள்ளே கருங்கோடுகள் வரைபடம்போல் ஓடியிருந்தன. மனசு வரவில்லை. உடனடிப் பசையில் ஒட்டி, பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி மாட்டிச் சுற்றினேன். பாதி அதிலேயே நின்றது. மறுபாதி என் முகக்கவசத்தின் ஓரத்தைச் சீவிக்கொண்டு போய்க் கூரைத் தகரத்தில் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் பட்டாசு என்று நினைத்தாராம். கவசம் மட்டும் இல்லாமல் நேரே நின்றிருந்தால் இதை எழுத இடது கண் இருந்திருக்காது. அன்றிலிருந்து, பிளந்த எதையும் ஒட்டி மறுபடி லேத்தில் ஏற்றுவதில்லை. ஏற்றுவதற்குமுன் ஒவ்வொரு கட்டையையும் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போலத் தட்டிக் காதுகொடுக்கிறேன். கணீர் என்றால் சரி. சொத்தென்றால் அடுப்பு. மாமரத்தின் இரண்டு பாதியும் அம்மாவின் வெந்நீர் அடுப்புக்குத்தான் போயின.

அம்மா உடுமலையில் இருக்கிறாள். அடி போன அந்த வாகைக் கிண்ணம் இப்போது அவளிடம்தான். பெரியவர் சொன்னபடியே புளியமரத்தின் வைரத்தில் ஒரு வில்லை கடைந்து அடியில் பொருத்தினேன். வெளிறிய வாகைக்கு நடுவில் கருஞ்சிவப்பு வட்டம். பூவாட்டந்தான் இருந்தது. பாட்டி காலத்தில் உப்பு வைக்க ஒரு மரவை இருந்ததாம், அதற்குப் பதிலாக இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

போன ஐப்பசி மழையில் ஊருக்குப் போனபோது கிண்ணத்தை எடுத்துவந்து முன்னால் வைத்தாள். "கண்ணு, இதுல உப்பு கசியுது பாரு." கவிழ்த்துப் பார்த்தேன். வில்லைக்கும் கிண்ணத்துக்கும் நடுவே எதிரெதிர்ப் பக்கங்களில் முடியளவு சந்து, அதில் உப்பு பூத்திருந்தது. ஒட்டும்போது வில்லையின் நாரும் கிண்ணத்தின் நாரும் ஒரே திசையில் ஓடுகின்றனவா என்று பார்க்கவில்லை. குறுக்காக வைத்திருக்கிறேன். உப்பு ஈரத்தை இழுக்க, கிண்ணம் ஒரு வாக்கில் உப்புகிறது, வில்லை வேறு வாக்கில்.

"குடும்மா, கொண்டுபோய் மாத்திட்டு வரேன்."

"வெயில் காலத்துல இந்தப் பக்கம் சரியாயிருதுடா. அப்ப அந்தப் பக்கம் விட்டுக்குது. பங்குனி வரைக்கும் பாப்போம்" என்று கல் உப்பைத் திரும்பக் கொட்டி, மேலே கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து, மேடையில் வைத்துவிட்டாள்.